எரிச்சல் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள்

எழுபது வயதைத் தாண்டிய அம்மாவோ அப்பாவோ வீட்டில் இருக்கிறவர்களுக்கு யூரின் ரிப்போர்ட் பழகிப்போன ஒன்று. மாஸ்டர் ஹெல்த் செக்கப் என்று எந்த லேபுக்குப் போனாலும் சுகர், கொழுப்பு, தைராய்டு, கிரியேட்டினின் எல்லாவற்றோடும் அதுவும் சேர்ந்தே வரும். பஸ் செல்ஸ், அதாவது சீழ் அணுக்கள், என்ற வரியில் ஐந்துக்குள் இருந்தால் சாதாரண எழுத்தில் அச்சாகியிருக்கும், தாண்டினால் தடித்த எழுத்தில். அந்தத் தடித்த எழுத்தைப் பார்த்ததும் வீட்டில் பேச்சே மாறிவிடும். "யூரின்ல இன்ஃபெக்‌ஷன் இருக்காம்" என்று மகனுக்குப் போன் போகும், மகளுக்குப் போன் போகும், சாயங்காலத்துக்குள் ஆன்டிபயாட்டிக் வந்து சேர்ந்துவிடும். அந்தப் பெரியவருக்கு உடம்பில் என்ன செய்கிறது என்று யாராவது கேட்பதற்குள் மாத்திரை வந்துவிடுகிறது. ரொம்ப நாளாக என்னை உறுத்திக்கொண்டிருப்பது இதுதான்.

நான் மருத்துவர் இல்லை. திருச்சியில் அம்மாவோடு இருக்கிறேன். அவருடைய மாத்திரை டப்பாவை நிரப்புவது, செக்கப்புக்குக் கூட்டிப்போவது, ஃபைலைப் பத்திரமாக வைப்பது எல்லாம் என் பொறுப்பு. அம்மாவுக்கு 74 வயது. சர்க்கரை நோய் வந்து இருபது வருடங்களுக்கு மேல் ஆகிறது. மெட்ஃபார்மின், கிளிமிப்ரைடு, சமீபத்தில் சேர்த்த டாபாக்ளிஃப்ளோசின், பிரஷருக்கு டெல்மிசார்டன் என்று தினமும் ஒரு கை மாத்திரை. போன வருடச் செக்கப்பில் பஸ் செல்ஸ் 12–15 என்று வந்தது. ரிப்போர்ட்டைப் பார்த்த மருத்துவர் லிவோஃப்ளாக்சசின் எழுதிக் கொடுத்தார். அம்மா வெளியே வராந்தா பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தார். அவரை உள்ளே வரச் சொல்லி யாரும் கூப்பிடவில்லை.

மாத்திரை ஆரம்பித்த ஓரிரு நாளில், விடியற்காலையில் அம்மாவின் முனகல் கேட்டு எழுந்தேன். ரவிக்கை முழுக்க நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. கை நடுங்கியது. "என்னம்மா செய்யுது?" என்றால் பதில் குழறியது. விரலில் குத்திப் பார்த்தால் சுகர் 52. சர்க்கரைத் தண்ணீர் கரைத்துக் கொடுத்து, கால் மணி நேரம் கழித்து மறுபடி குத்திப் பார்த்து, எண் ஏறிய பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது. முந்தின இரவு வழக்கம்போல இரண்டு இட்லியும் சட்னியும் சாப்பிட்டிருந்தார். சர்க்கரை மாத்திரையின் அளவு ஒரு வருடமாக மாறவே இல்லை. புதிதாகச் சேர்ந்தது லிவோஃப்ளாக்சசின் மட்டும்தான்.

இந்த வகை மருந்துகள், அதாவது சிப்ரோஃப்ளாக்சசின், ஆஃப்ளாக்சசின், லிவோஃப்ளாக்சசின் போன்றவை, சர்க்கரையை ஒரேயடியாகக் கீழே இறக்கிவிடக்கூடியவை. வயதானவர்களுக்கும், கிளிமிப்ரைடு மாதிரியான சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் இந்த ஆபத்து அதிகம். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2018இல் இதற்கான எச்சரிக்கையை இன்னும் கடுமையாக்கியது. அதற்கு முன்பே, தசைநாண் அறுந்துபோகலாம் என்று 2008இலேயே, மருந்துக் குறிப்பில் போடும் மிகக் கடுமையான எச்சரிக்கையான கறுப்புப் பெட்டி எச்சரிக்கையைக் கொடுத்திருந்தார்கள். வேறு மருந்து கொடுக்க முடியும் என்றால் சாதாரண சிறுநீர்த் தொற்றுக்கு இவற்றைக் கொடுக்க வேண்டாம் என்று 2016இல் வெளிப்படையாகவே சொன்னார்கள். நம் ஊரில் இன்றைக்கும் நீர்க்கடுப்பு என்று போனால் முதலில் கைக்கு வருவது பெரும்பாலும் இந்தக் குடும்பத்து மாத்திரைதான்.

டாக்டரம்மாவின் அறையில்

அந்த விடியற்காலைக்குப் பிறகு வேறொரு மருத்துவரிடம் போனோம். அறிமுகம் சொல்லி அனுப்பியவர்கள் "டாக்டரம்மா மெதுவாத்தான் பாப்பாங்க, காத்திருக்கணும்" என்றார்கள். காத்திருந்தோம். இதற்குள் யூரின் கல்ச்சரும், அதாவது சிறுநீரில் உள்ள கிருமியை லேபில் வளர்த்துப் பார்க்கும் டெஸ்ட்டின் ரிப்போர்ட்டும், வந்துவிட்டிருந்தது. ஈ.கோலை என்ற பாக்டீரியா, ஒரு மில்லிக்கு ஒரு லட்சத்துக்கு மேல். கீழே எந்தெந்த மருந்து கேட்கும், எது கேட்காது என்று ஒரு நீளப் பட்டியல். அதை மேசைமேல் வைத்தேன். அவர் அதைத் தொடவில்லை. நாற்காலியை அம்மா பக்கம் திருப்பிக்கொண்டார்.

"அம்மா, ஒன்னுக்குப் போறப்ப எரியுதா?"

"இல்லம்மா."

"அடக்க முடியாம ஓடுற மாதிரி புதுசா எதாச்சும் இருக்கா?"

"சுகருக்குப் புது மாத்திரை குடுத்ததுலேர்ந்து அடிக்கடி போகுது. ஓட்டமெல்லாம் இல்ல."

"அடிவயித்துல வலி? விலாவுக்குக் கீழ முதுகுப் பக்கம்? காய்ச்சல், குளிர் நடுக்கம் எதாச்சும்?"

"ஒன்னும் இல்லம்மா. ரிப்போர்ட்லதான் இருக்குன்னாங்க."

கீழே அரிப்பு, புண் ஏதாவது உண்டா என்றும் கேட்டார். டாபாக்ளிஃப்ளோசின் சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியே தள்ளுகிற மருந்து. அதனால் அடிக்கடி போவது சகஜம், பிறப்புறுப்பில் பூஞ்சைத் தொற்றும் வரும். அந்த அரிப்பையும் எரிச்சலையும் சிறுநீர்த் தொற்று என்று நினைத்து ஆன்டிபயாட்டிக் கொடுத்தால் பூஞ்சை இன்னும் அதிகமாகும் என்று விளக்கினார். அம்மாவுக்கு அதுவும் இல்லை. வயிற்றை அமுக்கிப் பார்த்தார், முதுகில் தட்டிப் பார்த்தார். அதற்குப் பிறகுதான் ரிப்போர்ட்டைக் கையில் எடுத்தார். ஒரு பார்வை பார்த்துவிட்டு, "இதுக்கு மருந்து வேண்டாம்" என்றார்.

"கல்ச்சர்ல கிருமி இருக்கே டாக்டர்" என்றேன்.

"இருக்கு. இருந்துட்டுப் போகட்டும். அம்மாவுக்கு அதனால ஒரு தொந்தரவும் இல்லையே. நான் அம்மாவுக்குத்தானே வைத்தியம் பாக்கணும்."

அவர் சொன்னது எனக்குப் புரிந்தது. மனம்தான் ஏற்கவில்லை. கிருமி இருக்கிறது என்று எழுதியே கொடுத்திருக்கிறார்கள், எண்ணிக்கைகூடப் போட்டிருக்கிறார்கள், அதை எப்படிச் சும்மா விடுவது? வீட்டுக்கு வந்த பிறகும் இந்தக் கேள்வி ஓயவில்லை. சர்க்கரை நோயாளி ஆயிற்றே, கிட்னிக்குப் போய்விட்டால் என்ன செய்வது என்று அக்கா போனில் கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. பதிலைத் தேடிப் படிக்க ஆரம்பித்தது அப்படித்தான்.

அந்த ஒரு லட்சம்

கல்ச்சர் ரிப்போர்ட்டில் நம்மைப் பயமுறுத்தும் அந்த ஒரு லட்சம் என்ற எல்லை 1950களில் வந்தது. பாஸ்டனில் வேலை செய்த எட்வர்ட் காஸ் என்ற மருத்துவர், சிறுநீரில் தெரியும் கிருமி உண்மையிலேயே உள்ளே இருந்து வந்ததா, பிடிக்கும்போது வெளித்தோலில் இருந்து கலந்ததா என்று பிரித்துப் பார்க்க ஒரு வழி தேடினார். மில்லிக்கு ஒரு லட்சத்துக்கு மேல் இருந்தால் அது பெரும்பாலும் உள்ளே இருப்பதுதான் என்று கண்டார். கலப்படமா இல்லையா என்று தெரிந்துகொள்ள வந்த எண் அது. மருந்து கொடுக்க வேண்டுமா என்ற கேள்விக்கு அந்த எண்ணை வைத்து மட்டும் பதில் சொல்ல முடியாது. கடுமையான எரிச்சலோடு வரும் இளம்பெண்ணுக்கு நூற்றுக்கணக்கில் இருந்தாலே அது நோயாக இருக்கலாம். எந்தத் தொந்தரவும் இல்லாத பாட்டிக்கு ஒரு லட்சத்தைத் தாண்டினாலும் அது நோயாக இருக்க வேண்டியதில்லை.

அறிகுறியே இல்லாமல் சிறுநீரில் கிருமி இருப்பது வயதான பெண்களிடம் மிகச் சாதாரணம். முதியோர் இல்லங்களில் இருக்கும் பெண்களில் நான்கில் ஒருவரிலிருந்து பாதிப்பேர் வரை இப்படி இருப்பார்கள். மாதக்கணக்கில் கேதீட்டர் (சிறுநீர் வெளியேறப் போடும் குழாய்) போட்டிருப்பவர்களில் ஏறக்குறைய எல்லோருக்கும் இருக்கும். கிருமியோடு சேர்ந்து பஸ் செல்களும் இருக்கும். ஆகவே பஸ் செல் இருக்கிறது என்பதை மட்டும் வைத்து நோய் என்று சொல்லிவிட முடியாது. இந்த ஒன்றையாவது எல்லா லேப் ரிப்போர்ட்டின் அடியிலும் அச்சடித்தால் எத்தனையோ வீடுகளில் பயம் குறையும்.

அக்காவின் கேள்விக்கும் பதில் கிடைத்தது, அதுவும் நேரடியாக. கனடாவில் சர்க்கரை நோயுள்ள, அறிகுறி ஏதும் இல்லாத, ஆனால் சிறுநீரில் கிருமி உள்ள 105 பெண்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு ஆன்டிபயாட்டிக்கும் மறுபாதிக்கு மருந்தில்லாத வெறும் மாத்திரையும் கொடுத்து, மூன்று வருடம் வரை கவனித்திருக்கிறார்கள். 2002இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வந்த ஆய்வு. மருந்து சாப்பிட்டவர்களின் சிறுநீரில் கிருமி கொஞ்ச நாள் இல்லாமல் போனது உண்மை. ஆனால் அறிகுறியோடு வரும் தொற்றோ, சிறுநீரகத் தொற்றோ, மருத்துவமனையில் சேர வேண்டிய நிலையோ அவர்களுக்குக் குறையவில்லை. ஆன்டிபயாட்டிக் சாப்பிட்ட நாட்கள் கூடியதுதான் மிச்சம். இத்தாலியில் அடிக்கடி தொற்று வரும் 673 இளம்பெண்களை வைத்துச் செய்த 2012 ஆய்வு இன்னும் ஒரு படி மேலே போனது: அறிகுறி இல்லாதபோது மருந்து கொடுக்கப்பட்டவர்களுக்குத்தான் பிற்பாடு எரிச்சலோடு தொற்று அதிகம் வந்தது. அமைதியாக இருந்த கிருமி, மோசமான கிருமிக்கு இடம் கொடுக்காமல் தடுத்து வந்திருக்கலாம் என்று அந்த ஆய்வாளர்கள் கருதினார்கள்.

2019இல் அமெரிக்கத் தொற்றுநோய் மருத்துவர் சங்கம் வெளியிட்ட வழிகாட்டுதல் இதையெல்லாம் தொகுத்துச் சொல்கிறது. அறிகுறி இல்லாதவர்களில் கிருமியைத் தேடிப்பிடித்து வைத்தியம் செய்ய வேண்டிய முக்கியமான கூட்டம் இரண்டு: கர்ப்பிணிகள், மற்றும் சிறுநீர்ப்பாதையின் உட்தோலில் காயம் ஏற்படக்கூடிய அறுவைச் சிகிச்சைக்குப் போகிறவர்கள். கர்ப்பிணிகளின் விஷயத்தில் விட்டுவிடவே கூடாது, கிருமி எளிதாகச் சிறுநீரகத்துக்கு ஏறிவிடும். மற்றபடி சர்க்கரை நோய் இருந்தாலும், வயது கூடினாலும், கேதீட்டர் இருந்தாலும், தொந்தரவு ஒன்றும் இல்லையென்றால் தேடவும் வேண்டாம், கொடுக்கவும் வேண்டாம்.

பெரியவர்கள் விஷயத்தில் இன்னொன்றும் உண்டு. என் அத்தை ஒரு கோடையில் திடீரென்று ஆளை மாற்றி அழைக்க ஆரம்பித்தார். இராத்திரி தூங்காமல் கதவைத் திறந்து வெளியே போகப் பார்த்தார். யூரின் டெஸ்ட் எடுத்தார்கள், பஸ் செல் இருந்தது, அதுதான் காரணம் என்று முடிவாகி ஊசி போட ஆரம்பித்தார்கள். ஊசி முடிந்தும் குழப்பம் தீரவில்லை. பிறகு இரத்தத்தில் சோடியம் பார்த்தால் மிகவும் குறைந்திருந்தது. பிரஷருக்குப் புதிதாகக் கொடுத்த, சிறுநீரை அதிகமாக்கும் மாத்திரைதான் காரணம். அதை நிறுத்திச் சோடியத்தைச் சரிசெய்ததும் பழைய அத்தையாக எழுந்து உட்கார்ந்து காபி கேட்டார். காய்ச்சலோ எரிச்சலோ இல்லாத முதியவருக்குப் புத்தி தடுமாறினால், சிறுநீரில் கிருமி தெரிந்தது என்பதற்காக உடனே ஆன்டிபயாட்டிக் கொடுக்காமல், தண்ணீர் குறைந்திருக்கிறதா, மலச்சிக்கலா, புது மாத்திரையா, உப்புச் சத்தா என்று பார்த்துக்கொண்டே கவனமாகக் கண்காணிக்கச் சொல்கிறது அதே வழிகாட்டுதல். சும்மா இருந்த கிருமியின் மேல் பழியைப் போட்டுவிட்டால் உண்மையான காரணத்தைத் தேடுவது நின்றுவிடுகிறது. மருந்தின் பக்கவிளைவைவிட எனக்கு இதுதான் பெரிய ஆபத்தாகத் தெரிகிறது.

நிஜமாகவே எரியும்போது

இதையெல்லாம் படித்துவிட்டு யாரும் சிறுநீர்த் தொற்றைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. நிஜமாக வந்தால் அது படுத்தும் பாடு பெண்களுக்குத் தெரியும். பாதிப்பேருக்கு வாழ்நாளில் ஒரு முறையாவது வருகிறது. அக்கா மகள் என்.எஸ்.பி. சாலையில் ஒரு ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் நிற்கிறாள். ஆடிக் கூட்டத்தின்போது ஒருநாள் இரவு நேரே என் வீட்டுக்கு வந்தாள். "சித்தி, சொட்டுச் சொட்டாத்தான் போகுது, போறப்ப உசிரு போகுது" என்று சொல்லி அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்தாள். கடைக்குப் பக்கத்து மெடிக்கல் ஷாப்பில் நார்ஃப்ளாக்சசின் நாலு மாத்திரையும் சிட்ரேட் சிரப்பும் கொடுத்திருந்தார்கள். சீட்டு கேட்கவில்லை, காய்ச்சல் உண்டா என்று கேட்கவில்லை, நாள் தள்ளிப்போயிருக்கிறதா என்று கேட்கவில்லை. கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகாத பெண் அவள்.

மறுநாள் காலை டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனேன். அதே நிதானமான விசாரிப்பு. காய்ச்சல் இல்லை, முதுகு வலி இல்லை, வாந்தி இல்லை, கர்ப்பம் இல்லை என்று டெஸ்ட் செய்து உறுதியாக்கிக்கொண்டார். வெள்ளைப்படுதலும் அரிப்பும் இல்லாமல் இப்படி எரிச்சலும் அவசரமும் மட்டும் இருந்தால் கல்ச்சருக்குக் காத்திருக்காமலே சிறுநீர்ப்பைத் தொற்று என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லலாம் என்றார். எழுதியது நைட்ரோஃபுரான்டாயின் 100 மில்லிகிராம், காலையும் இரவும் சாப்பாட்டோடு, ஐந்து நாள். வாங்கி வைத்திருந்த நார்ஃப்ளாக்சசினையும் சிரப்பையும் ஒதுக்கி வைக்கச் சொன்னார்.

நைட்ரோஃபுரான்டாயின் 1953 முதல் புழக்கத்தில் இருக்கும் பழைய மருந்து. அது சிறுநீரில்தான் போய்ச் சேர்ந்து செறிவாகிறது, இரத்தத்திலும் மற்ற உறுப்புகளிலும் பெரிதாக நிற்பதில்லை. அதனால் குடலில் இருக்கும் கிருமிகளை அதிகம் கலைப்பதில்லை. இத்தனை வருடங்களுக்குப் பிறகும் ஈ.கோலையில் பெரும்பகுதி அதற்குக் கட்டுப்படுகிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கண்காணிப்பு அறிக்கைகளில் சிப்ரோஃப்ளாக்சசின், செஃபலோஸ்போரின் வரிசைகள் ஆண்டுக்காண்டு கவலை தரும்போது, நைட்ரோஃபுரான்டாயினும் ஃபாஸ்ஃபோமைசினும்தான் சிறுநீர் ஈ.கோலைக்கு இன்னும் நன்றாக நிற்கின்றன. உலக சுகாதார நிறுவனம் 2017இல் ஆன்டிபயாட்டிக்குகளை மூன்று கூட்டமாகப் பிரித்தபோது, முதலில் கையில் எடுக்கலாம் என்ற கூட்டத்தில் நைட்ரோஃபுரான்டாயினை வைத்தது. சிப்ரோஃப்ளாக்சசின், லிவோஃப்ளாக்சசின், நார்ஃப்ளாக்சசின், நம் ஊரில் மிட்டாய் மாதிரி விற்கும் செஃபிக்ஸிம் எல்லாம் கவனத்தோடு பயன்படுத்த வேண்டிய இரண்டாம் கூட்டத்தில் இருக்கின்றன.

ஆனால் அதே குணம்தான் அதன் எல்லையும். சிறுநீரகத் திசுவில் அது போதுமான அளவு சேராது. குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல், விலாவுக்குக் கீழே வலி, வாந்தி என்று வந்தால் தொற்று சிறுநீரகத்துக்கு ஏறிவிட்டது என்று அர்த்தம். அங்கே இந்த மருந்து உதவாது, உடனே மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும். சிறுநீரகம் ரொம்பவும் பலவீனமானவர்களுக்கு இது சரிவராது, பிரசவத்தை நெருங்கிய கர்ப்பிணிகளுக்கும் கொடுப்பதில்லை. மாதக்கணக்கில் தொடர்ந்து சாப்பிட்டால் நுரையீரலைப் பாதிக்கலாம். சிறுநீர் பழுப்பாகப் போகும், அதைப் பார்த்துப் பயந்து நிறுத்திவிடக் கூடாது என்று அக்கா மகளிடம் முதலிலேயே சொல்லி அனுப்பினார் டாக்டரம்மா. அப்புறம் அந்தச் சிரப். நைட்ரோஃபுரான்டாயின் அமிலத்தன்மை உள்ள சிறுநீரில்தான் நன்றாக வேலை செய்யும். சிட்ரேட் சிரப்போ அந்த அமிலத்தன்மையைக் குறைத்துச் சிறுநீரைக் காரத்தன்மைக்கு மாற்றும். ஒன்று வேலை செய்ய வேண்டிய இடத்தை மற்றது கெடுக்கிறது. இரண்டையும் ஒரே சீட்டில் எழுதியிருப்பதை அதற்குப் பிறகு எத்தனையோ வீடுகளில் பார்த்துவிட்டேன்.

சென்னையில் கிடைத்த கிருமிகள்

ஒரு மாத்திரையை வீணாகச் சாப்பிட்டால் என்ன கெட்டுப்போகிறது என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான். சிறுநீர்ப்பைக்கு என்று விழுங்குகிற மாத்திரை முதலில் குடலுக்குத்தான் போகிறது. சிறுநீர்த் தொற்றைக் கொண்டுவரும் ஈ.கோலையின் சொந்த ஊரும் அந்தக் குடல்தான். மருந்துக்கு அடங்குகிறவை அங்கே சாகும், அடங்காதவை பெருகும். அடுத்த முறை தொற்று வரும்போது ஏறி வருவது அந்த அடங்காத கூட்டம். எதிர்வீட்டுப் பெரியவருக்கு அப்படித்தான் ஆனது. காய்ச்சலோடு வந்த சிறுநீரகத் தொற்றுக்கு, கல்ச்சரில் வாய்வழி மருந்துகள் வரிசையாக "ஆர்" (ரெசிஸ்டன்ட், அதாவது கேட்காது) என்று வந்தன. மெரோபெனம் என்ற வீரியமான ஆன்டிபயாட்டிக் ஊசிக்காகவே மருத்துவமனையில் படுக்க வேண்டியிருந்தது. அவருடைய பழைய ஃபைலைப் புரட்டினால், பஸ் செல் பார்த்து எழுதிய ஆன்டிபயாட்டிக் சீட்டுகளே பாதி ஃபைல்.

அந்த மெரோபெனத்துக்கும் அடங்காத கிருமிகள் உண்டு. டெல்லியில் மருத்துவமனையில் இருந்துவிட்டு ஸ்வீடனுக்குத் திரும்பிய ஒருவரின் சிறுநீரில் இருந்து எடுத்த கிளெப்சியெல்லா என்ற பாக்டீரியாவில்தான், இந்த வகை மருந்துகளைச் சிதைக்கும் என்.டி.எம்.-1 (நியூ டெல்லி மெட்டலோ-பீட்டா-லாக்டமேஸ்) என்ற நொதியை முதலில் கண்டு, 2009இல் எழுதினார்கள். 2010இல் லான்செட் இன்ஃபெக்‌ஷியஸ் டிசீசஸ் இதழில் வந்த பெரிய ஆய்வின் முதல் பெயர் கார்த்திகேயன் குமாரசாமி, சென்னைப் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர். அதில் சென்னையில் இருந்து மட்டும் இந்த நொதியுள்ள 44 கிருமிகள். நொதிக்கு டெல்லியின் பெயரை ஏன் வைத்தார்கள் என்றுதான் அப்போது நாடு முழுக்கச் சண்டை போட்டது. கிருமி எப்படி வந்தது என்ற பேச்சு பின்னுக்குப் போய்விட்டது. ஆனாலும் 2012இல் இந்தியாவின் பல மருத்துவச் சங்கங்கள் சென்னையில் கூடி ஆன்டிபயாட்டிக் பயன்பாட்டுக்கு ஒரு திட்டம் வகுத்தன, சென்னைப் பிரகடனம் என்று அதற்குப் பெயர். 2014 மார்ச்சில், விற்பனையைக் கட்டுப்படுத்த வேண்டிய மருந்துகளின் ஹெச்1 பட்டியல் நடைமுறைக்கு வந்தது. லிவோஃப்ளாக்சசின் அந்தப் பட்டியலில் இருக்கிறது. சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது, எழுதியவர் பெயரும் வாங்கியவர் பெயரும் பதிவேட்டில் ஏற்றி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். சட்டம் நல்ல சட்டம். ஆனால் அம்மாவுக்கு வந்த லிவோஃப்ளாக்சசினுக்குச் சீட்டு முறையாக இருந்ததே! சீட்டு எழுதும் இடத்தில் அம்மாவிடம் ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். அந்தக் கேள்வியைச் சட்டம் போட்டுக் கேட்கவைக்க முடியாது.

மருத்துவர்களை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை என்பதும் எனக்குத் தெரியும். ஓ.பி.யில் வரிசை வாசல் வரை நிற்கும்போது, மருந்து எழுத அரை நிமிடம் போதும். வேண்டாம் என்று புரியவைக்க டாக்டரம்மாவுக்கு என் ஒருத்தியோடு மட்டும் பத்து நிமிடத்துக்கு மேல் ஆனது. ஃபீஸ் கொடுத்தும் மாத்திரை தரவில்லை என்று கோபித்துக்கொண்டு வேறு இடம் போகிறவர்கள் உண்டு. ரிப்போர்ட்டில் இருந்தும் கொடுக்காமல் விட்டார் என்று நாளைக்குக் கேஸ் வருமோ என்ற பயமும் அவர்களுக்கு இருக்கிறது. இதில் எளிதாக மாற்றக்கூடியது ஒன்று கண்ணெதிரே இருக்கிறது. தொந்தரவு இல்லாதவர்களின் செக்கப் பேக்கேஜில் இருந்து இந்தப் பஸ் செல் எண்ணிக்கையை எடுத்துவிடலாம். சர்க்கரை நோயாளிகளுக்குச் சிறுநீரில் அல்புமின் அளவு பார்ப்பது அவசியம், அது வேறு டெஸ்ட், அது இருக்கட்டும். டாக்டரம்மா அம்மாவின் ஃபைல் அட்டையிலேயே எழுதிக் கொடுத்திருக்கிறார்: எரிச்சல், காய்ச்சல், வலி இருந்தால் மட்டும் யூரின் கல்ச்சர். எந்த மருத்துவரிடம் போனாலும் முதலில் அந்த அட்டையைத்தான் காட்டுகிறேன்.

அக்கா மகளிடம் கடைசியாக அவர் கேட்டதையும் சொல்ல வேண்டும். "ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி குடிப்ப?" அவள் தலையைக் குனிந்துகொண்டாள். காலை ஒன்பதரைக்குக் கடைக்குள் போனால் இரவு ஒன்பதரை வரை தரைத்தளத்தில் நிற்கிறாள். பெண்களுக்கான கழிப்பறை மூன்றாவது மாடியில், அதுவும் சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். கூட்ட நேரத்தில் கேட்டால் முகம் சுளிப்பார். அதனால் அங்கே வேலை செய்கிற பெண்கள் எல்லோரும் தண்ணீரையே குறைத்துக்கொண்டு விட்டார்கள். பல்கேரியாவில், அடிக்கடி தொற்று வரும், தண்ணீர் குறைவாகக் குடிக்கும் 140 பெண்களை எடுத்து, பாதிப்பேரைத் தினமும் ஒன்றரை லிட்டர் கூடுதலாகக் குடிக்கவைத்தார்கள். ஒரு வருடத்தில் அவர்களுக்குத் தொற்று ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது, ஆன்டிபயாட்டிக்கும் குறைந்தது. 2018இல் வெளிவந்த ஆய்வு இது. நம் ஜவுளிக்கடைப் பெண்களுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர் பெரிய விஷயமில்லை, அதைக் குடித்துவிட்டு எங்கே போவது என்பதுதான் விஷயம். நிற்கிறவர்கள் உட்கார நாற்காலி கொடுக்க வேண்டும் என்று 2021இல் தமிழ்நாட்டில் சட்டத்தைத் திருத்தினார்கள். அக்கா மகளின் கடையிலும் இப்போது ஸ்டூல்கள் வந்துவிட்டன. கழிப்பறைக்குப் போக யாரிடமும் கேட்க வேண்டியதில்லை என்று ஆக்க வேண்டும், தரைத்தளத்திலேயே ஒன்று கட்டித் தர வேண்டும் என்று அவளும் கூட வேலை செய்யும் பெண்களும் கையெழுத்துப் போட்டு நிர்வாகத்திடம் ஒரு மனு கொடுத்திருக்கிறார்கள். தீபாவளிக் கூட்டம் தொடங்குவதற்குள் பதில் வேண்டும் என்றும் அதில் எழுதியிருக்கிறார்கள்.